எதிர்த்தரப்பும் அவரே

அலுவலகங்களுக்குப் போய் அவமானப்பட்டுத் திரும்பியவர்கள் ஊரில் ஆயிரம் பேர் உண்டு. பாராட்டுக் கேடயத்தோடு திரும்பி வந்து தலை நிமிர முடியாமல் கிடந்த மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். அவரை எல்லாரும் மூடிக்காரர் என்பார்கள்.

காரணம் சாதாரணமானது. தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற பட்டறை அவருடையது. டப்பாவை வேறு யாரோ செய்கிறார்கள், டப்பாவுக்குள் என்ன போகிறது என்பது இன்னும் வேறு யாருக்கோ தெரியும். இவருக்கு மூடி மட்டும். பட்டறையின் நடுவில் ஒரு பிரஸ் மெஷின். கீழே தகட்டைத் தள்ளினால் மேலிருந்து அச்சு ‘டணார்’ என்று இறங்கும், ஒரு மூடி கழன்று விழும். நிமிஷத்துக்கு நாற்பது மூடி, நாற்பது டணார். மெஷினிலிருந்து நாலடி தள்ளி ஒரு மேஜை. அதில் உட்கார்ந்து நல்ல மூடி, கோணல் மூடி என்று இருபத்திரண்டு வருஷமாகப் பிரித்துப் போட்டவர் மூடிக்காரரின் வீட்டம்மா.

மேஜையை அங்கே போட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அச்சு மழுங்க ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில்தான் தெரியும். டணார் கொஞ்சம் தடித்து ‘டணங்’ ஆகும். வேறு யாருக்கும் பிடிபடாத அந்த வித்தியாசம் வீட்டம்மாவுக்கு மட்டும் பிடிபடும். சட்டென்று கையைத் தூக்குவார். மெஷினை நிறுத்தி அச்சைத் தீட்டுவார்கள். “எங்க வீட்டம்மா காது இருக்கிற வரைக்கும் எனக்கு அளவு பாக்குற கருவியே வேணாம்” என்று மற்ற பட்டறைக்காரர்களிடம் மூடிக்காரர் பெருமை அடித்துக்கொள்வார்.

வேலைக்கு உட்கார்ந்து பத்து வருஷம் ஆனபோது ஒருநாள் வீட்டம்மா கேட்டார்:

“வீட்டுக்கு வந்த பிறகும் காதுல ஒரே இரைச்சலா இருக்குதுங்க. பஞ்சு வச்சுக்கட்டுமா?”

“நீ பஞ்சு வச்சுக்கிட்டா அச்சு மழுங்கறத யாரு சொல்றது? கொஞ்ச நாள் பொறுத்துக்க.”

அந்தக் கொஞ்ச நாள் பன்னிரண்டு வருஷம் ஓடியது. பட்டறையில் காதுமூடி இல்லை என்றும் சொல்ல முடியாது. நாலு ஜோடி இருந்தன, பீரோவுக்குள், பூட்டில். தொழிற்சாலை ஆய்வாளர் வருகிற அன்று மட்டும் வெளியே வரும். எல்லாரும் மாட்டிக்கொண்டு கிரீடம் வைத்த மாதிரி விறைப்பாக நிற்பார்கள். ஆய்வாளர் படி இறங்கியதும் மூடிக்காரர் அவற்றைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார். அழுக்காகக் கூடாது பாருங்கள்! உலகத்துக்கெல்லாம் மூடி போட்ட மகானுபாவர், கட்டின பெண்டாட்டி காதுக்கு ஒன்று கொடுக்கவில்லை. இதை நான் சொல்லவில்லை, அவரே தனக்குத்தானே சொல்லிக்கொண்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அது குறுகுறுக்கத்தான் செய்தது. ஆனால் மெஷின் ஓடும்போது அது கேட்காது.

காது போவது விளக்கை அணைக்கிற மாதிரி இல்லை. குக்கர் விசில் முதலில் போனது. அப்புறம் செல்போன் மணி. அப்புறம் பெண்கள் குரல், குழந்தைகள் குரல். “யாரோ பேசுறது தெரியுது. என்ன பேசுறாங்கன்னுதான் தெரியல” என்பார் வீட்டம்மா. மூடிக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: கத்துவது. அவர் கத்த, அந்த அம்மா முகம் சுருங்க, இவர் இன்னும் கத்த, பக்கத்து வீட்டார் இவர்கள் தினமும் சண்டை போடுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வீட்டம்மா ஒரு உபாயம் கண்டுபிடித்தார். யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டுவது. “எங்க மாமா தவறிட்டாருங்க” என்று ஒருத்தி சொன்னதற்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு, அப்புறம் விஷயம் தெரிந்து, அதோடு வெளியே போவதையே நிறுத்திக்கொண்டார். மண்டைக்கனம் ஏறிவிட்டது என்று நாலு பேர் பேசினார்கள். நல்லவேளை, அது அவர் காதில் விழவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வாரம் ஒருமுறை போன் செய்வாள். வீட்டம்மா போனை வாங்கி, ஒரு நிமிஷம் தலையாட்டிவிட்டு, “நீங்களே பேசுங்க” என்று கணவர் கையில் திணித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் கேட்டாள்:

“அப்பா, அம்மாவுக்கு எம்மேல ஏதாவது கோவமா? ரெண்டு வார்த்தை பேச மாட்டேங்கறாங்களே. நான் என்னப்பா தப்பு பண்ணேன்?”

தப்பு பண்ணியவர் போனைப் பிடித்தபடி நின்றார். மறுநாள் காலையிலேயே வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு செவிநல வாரியத்துக்குக் கிளம்பிவிட்டார்.

செவிநல வாரியம் மூன்று மாடி. முதல் மாடி இடது காதுப் பிரிவு. மூன்றாம் மாடி வலது காதுப் பிரிவு. நடுவில், இரண்டாம் மாடியில், தலைவர். “ரெண்டு காதுக்கும் நடுவுல மூளை இருக்குல்ல சார், அந்த மாதிரி” என்று பிரிவு அலுவலர் விளக்கினார். ஒரே ஆளின் இரண்டு காதுக்கும் தனித்தனிக் கோப்பு, தனித்தனி எண், தனித்தனி போட்டோ. இடது காதுப் போட்டோவில் வலது காது தெரியக் கூடாது.

தினம் பதினோரு மணிக்கு அங்கே ஒரு நிமிஷம் மௌனம் அனுசரிப்பார்கள், செவித்திறன் இழந்தவர்களின் நினைவாக. அவர்கள் எல்லாரும் உயிரோடு வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தார்கள், அது வேறு விஷயம். மௌனம் தொடங்குவதை அறிவிக்க மொட்டை மாடியில் ஆலைச் சங்கு ஒன்று ஊதும். அது அடங்கவே முக்கால் நிமிஷம் ஆகும். மௌனம் முடிந்ததை அறிவிக்க மறுபடி ஊதும்.

சுவரில் ஒரு சுற்றறிக்கை: ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியை வளாகத்துக்குள் யாரும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. மனு கொடுத்து ஏழு மாசமாகப் பதில் வராத பெரியவர் ஒருவர் அந்த அறிக்கையை வெகுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

முதலில் பரிசோதனை. சத்தம் புகாத கண்ணாடி அறை. வீட்டம்மா தலையில் ஒரு கருவி. கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வெளியே உட்கார்ந்திருந்த பரிசோதகர், முப்பது வயசுப் பெண், அந்தக் கட்டடத்திலேயே மெதுவாகப் பேசுகிற ஒரே ஜீவன். பக்கத்தில் மூடிக்காரர் வீட்டம்மாவின் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையாமல் இருந்த நேரம் மிக அதிகமாக இருந்தது. பரிசோதகர் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார், வீட்டம்மாவுக்குக் கேட்கவில்லை.

பரிசோதகர் ஒரு வரைபடத்தைக் காட்டினார். கோடு கொஞ்ச தூரம் நேராக வந்து, வலது பக்கம் போகப் போகப் பள்ளத்தில் விழுந்திருந்தது.

“இந்த இடத்துல இப்படிப் பள்ளம் விழுந்தா, பெரிய சத்தத்துக்குப் பக்கத்துல ரொம்ப வருஷம் இருந்திருக்காங்கன்னு அர்த்தம் சார். அம்மா எங்க வேலை பாத்தாங்க?”

“ஒரு பட்டறையில.”

“யாரோட பட்டறை?”

மூடிக்காரர் காலர் பொத்தானைத் தடவினார். “தெரிஞ்சவரு ஒருத்தரு.”

“அந்தத் தெரிஞ்சவருக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க. காதுக்கு ஒண்ணும் கொடுக்காம இப்படி உக்கார வச்சிருக்காரே, மனுஷனா அவரு?”

“சொல்றேம்மா.”

“வீட்டுல கத்திப் பேசுறீங்களா?”

“பின்ன?”

“கத்தாதீங்க. கத்தினா இரைச்சல்தான் கூடும். ச, த மாதிரி மெலிசான சத்தங்கள்தான் இவங்களுக்குப் போயிருக்கு. அது கத்தினாலும் வராது. முகம் பாத்து, நிதானமாப் பேசுங்க. ரெண்டு காதுக்கும் கருவி போட்டா நல்ல பலன் இருக்கும். ஆனா மூக்குக் கண்ணாடி மாதிரி மாட்டின உடனே எல்லாம் சரியாகிடாது. இவ்வளவு நாள் கேக்காத சத்தத்தை மூளை மறுபடி கத்துக்கணும். சில வாரம் ஆகும். சீக்கிரம் வந்திருந்தா இன்னும் சுலபமா இருந்திருக்கும். எப்பத்திலேருந்து கேக்கல?”

“இப்பத்தான், ஒரு வருஷமா.”

ஒன்பது வருஷம். வாய் கூசாமல் எட்டு வருஷத்தை விழுங்கிவிட்டு, வீட்டம்மாவைத் திரும்பிப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அந்த அம்மா வழக்கம்போலச் சிரித்துத் தலையாட்டினார். மூடிக்காரருக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

அடுத்தது மனு. பதினொரு பக்கம். ஒன்பதாவது கேள்வி: ‘செவித்திறன் இழப்புக்கான காரணம்.’ மூடிக்காரர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்துவிட்டு ‘வயது’ என்று எழுதினார். பிரிவு அலுவலர் அதைப் பார்த்துப் பேனாவால் தட்டினார்.

“அம்மாவுக்கு என்ன வயசு?”

“அம்பத்தி மூணு.”

“வாரியத்தைப் பொறுத்தவரைக்கும் வயசு அறுபத்தஞ்சுலதான் சார் ஆரம்பிக்குது. அதுக்கு முன்னாடி வர்றது வயசு கிடையாது.”

“அப்ப அது என்ன சார்?”

“அது உங்க சௌகரியம். பிறவி, விபத்து, வேலை. மூணுல ஒண்ணு. பிறவின்னா, பிறந்தப்போ பக்கத்துல இருந்தவங்க சாட்சி வேணும். விபத்துன்னா காது போன தேதி, நேரம் வேணும். வேலைன்னா ரொம்ப சுலபம். ‘என் பட்டறைச் சத்தத்தாலதான் போச்சு’ன்னு முதலாளி ஒரு கடுதாசி கொடுத்தாப் போதும்.” அலுவலர் குரலைத் தாழ்த்தினார். “ஆனா இந்த நாற்காலியில பதினாறு வருஷமா உக்காந்திருக்கேன். ஒரு முதலாளி கொடுத்தது இல்ல. எல்லாம் கல்நெஞ்சக்காரப் பயலுக சார்!”

கல்நெஞ்சக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். நேரே பட்டறைக்குப் போனார். பட்டறை முகவரி அச்சிட்ட தாளை எடுத்தார். ‘என் பட்டறைச் சத்தத்தால்தான்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மனசு லேசானது. அப்பாடா, எழுதிக் கொடுத்தாகிவிட்டது, இனி வாரியம் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார். பாவம்.

மறுநாள் அலுவலர் கடிதத்தைப் படித்து நெகிழ்ந்துபோனார். “இப்படியும் ஒரு முதலாளியா! ஆமா, இந்தக் கையெழுத்து உங்க கையெழுத்து மாதிரியே இருக்கே?”

“நான்தான் சார் அந்த முதலாளி.”

அலுவலர் கண் கொட்டவில்லை. பதினாறு வருஷ அனுபவம் சும்மாவா? “அதனால ஒண்ணும் இல்ல. விதி முப்பத்தொண்ணு. குடும்பத்துக்கும் முதலாளிக்கும் நடுவுல தலைவர் முன்னிலையில சமரசக் கூட்டம் நடக்கணும். ரெண்டு தரப்புக்கும் தனித்தனியா நோட்டீஸ் வரும்.”

“ரெண்டு தரப்பும் நான்தானே சார்?”

“அதுக்காக ஒரு தரப்புக்கு நோட்டீஸ் அனுப்பாம விட்டா நாளைக்கு அவர் கோர்ட்டுக்குப் போயிடுவாரு.”

இரண்டு பதிவுத் தபாலும் ஒரே நாளில் வந்தன. ஒன்றில், ‘முதலாளியின் மிரட்டலுக்கோ ஆசைவார்த்தைக்கோ பணிய வேண்டாம்’ என்று குடும்பத் தலைவருக்குத் தைரியம் சொல்லியிருந்தார்கள். இன்னொன்றில், ‘கூட்டத்துக்கு முன் மனுதாரர் தரப்பை நேரிலோ தனிமையிலோ சந்திக்கக் கூடாது’ என்று முதலாளிக்கு எச்சரிக்கை. கூட்டத்தன்று காலையில் சவரம் செய்யக் கண்ணாடி முன் நின்றபோது மூடிக்காரருக்கு நிஜமாகவே ஒரு சந்தேகம் வந்தது. கடைசியில் தடவிப் பார்த்தே சவரம் செய்துகொண்டார். முகத்தில் இரண்டு வெட்டு.

“தனித்தனியாத்தானே வந்தீங்க?” என்று வாசலில் கேட்டார் அலுவலர்.

“ஒரே ஸ்கூட்டர் சார்.”

அலுவலர் அதைக் குறித்துக்கொண்டார். ‘இரு தரப்பிலும் நல்லுறவு நிலவுகிறது.’

அறையில் எதிரெதிராக இரண்டு நாற்காலி, நடுவில் தலைவர். மூடிக்காரருக்கு இரண்டு அட்டைகள் கொடுத்தார்கள்: ‘மனுதாரர் தரப்பு’, ‘எதிர்த்தரப்பு’. எந்த நாற்காலியில் உட்காருகிறாரோ அந்த அட்டையை மாட்டிக்கொள்ள வேண்டும். ‘பயனாளி’ என்று அட்டை குத்திய வீட்டம்மாவைச் சுவரோரம் உட்கார வைத்தார்கள். “அவங்களுக்குத்தான் ஒண்ணும் கேக்காதே, எதுக்கு சிரமம்? சும்மா பாத்துக்கிட்டிருக்கட்டும்” என்றார் தலைவர், மிகுந்த கருணையோடு.

மூடிக்காரர் முதலில் எதிர்த்தரப்பு நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த வேகத்திலேயே சொன்னார்: “ஐயா, தப்பு என்னோடதுதான். நான்...”

“நில்லுங்க, நில்லுங்க!” தலைவர் இரண்டு கையையும் தூக்கினார். “முதல் அமர்வுல எதிர்த்தரப்பு மறுக்கணும். அதுதான் நடைமுறை. எடுத்த எடுப்புல ஒத்துக்கிட்டீங்கன்னா சமரசம் எதுக்கு? சமரசம் இல்லைன்னா இந்தக் கூட்டம் எதுக்கு? கூட்டம் இல்லைன்னா நான் எதுக்கு? யோசிச்சுப் பேசணும் சார். மூணு மாடிக் கட்டடம் இது!”

“மறுக்கலைன்னா?”

“கோப்பு மூடப்படும். ரெண்டு காதும்.”

வீட்டம்மாவை ஓரக்கண்ணால் பார்த்தார். மகள் குரல் நினைவுக்கு வந்தது. சரி, ஒரு சடங்குதானே என்று மறுக்க ஆரம்பித்தார்.

அங்கேதான் அந்த மனுஷனுக்கு வினை. வாயைத் திறந்தால் வார்த்தை மடை திறந்த மாதிரி கொட்டுகிறது! “அவங்க என் பெண்டாட்டி ஐயா, கூலியாள் இல்ல. யாரும் கட்டாயப்படுத்தல. அவங்களாத்தான் அந்த மேஜையில உக்காந்தாங்க. காதுமூடி நாலு ஜோடி வாங்கி வச்சிருந்தோம், மாட்டலைன்னா அதுக்கு நான் என்ன பண்ணுவேன்? அதே பட்டறையில மத்தவங்களுக்கெல்லாம் காது நல்லாத்தானே இருக்கு? அவங்க உடம்புவாகு அப்படி. கேக்கலைன்னு எங்களுக்குத் தெரியவே தெரியாது ஐயா. தெரிஞ்சிருந்தா அன்னைக்கே இடம் மாத்தியிருக்க மாட்டோமா?”

ஒரு இடத்திலும் திக்கவில்லை. தலைவர் அசந்துபோய், “பிரமாதம்! வக்கீல் கெட்டாரு போங்க!” என்றார். அந்த வாக்கியங்களை மூடிக்காரர் அப்போது இட்டுக்கட்டவில்லை. ஒன்பது வருஷமாக உள்ளுக்குள் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தவை அத்தனையும்.

“இப்ப அந்தப் பக்கம் போய் மனுதாரர் தரப்புல பதில் சொல்லுங்க.”

எழுந்து, அட்டையை மாற்றி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலி நாற்காலி எதிரே இருந்தது. அதில் இருந்த ஆள் சொன்னது முழுக்கப் பொய் என்று சொல்ல வேண்டும். உதடு பிரிந்தது, சத்தம் வரவில்லை. இரண்டு நிமிஷம் போனது. எழுத்தர் குறித்துக்கொண்டார்: ‘மனுதாரர் தரப்பு மௌனம். எதிர்த்தரப்பின் விளக்கத்தில் முழுத் திருப்தி எனக் கொள்ளப்பட்டது.’

படியிறங்கும்போது வீட்டம்மா கேட்டார்: “ரெண்டு நாற்காலியில மாறி மாறி உக்காந்தீங்களே, என்ன பேசினீங்க?”

“ஒண்ணும் இல்ல! சம்பிரதாயம்!” என்று கத்தினார். தெருவில் போன நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சமரசம் ஆனதும் கருவி வந்துவிட்டதா என்றால், அதுதான் இல்லை. வாரியத்தின் வரலாற்றில் ஒரு முதலாளி தானே முன்வந்து கடிதம் கொடுத்தது அதுவே முதல்முறை. தலைவர் சும்மா விடுவாரா? ஆண்டுவிழா மேடையில் அந்த முதலாளிக்கு ‘செவி காத்த செம்மல்’ விருது என்று அறிவித்துவிட்டார். ‘வேண்டாம்’ என்று மூடிக்காரர் எழுதிக் கொடுத்த கடிதத்தை இடது காதுப் பிரிவு வலது காதுப் பிரிவுக்கு அனுப்பியது. வலது காதுப் பிரிவு இடது காதுப் பிரிவுக்கே திருப்பி அனுப்பியது. விழா நாள் வந்துவிட்டது.

முந்நூறு பேர். முன்வரிசைகள் பிரமுகர்களுக்கு. கேட்காதவர்கள் கடைசி வரிசைகளில். மேடையில் தலைவர் முழங்கினார்:

“இந்தப் பொறுப்புக்கு நான் வந்து பத்து வருஷம் ஆகுது. இந்தப் பத்து வருஷத்துல ஒரே ஒரு புகார்கூட என் காதுக்கு வந்தது கிடையாது! காரணம் என்ன? நிர்வாகம்! புகார் கொடுக்கற ஜன்னலை நாங்க மூணாவது மாடிக்கு மாத்தினோம், லிப்டை நிறுத்தினோம், புகார் தானா நின்னுபோச்சு! கேக்காதவங்க கஷ்டம் என்னன்னு எனக்குத் தெரியும். என் வீட்டுல நான் பேசுறதை யாருமே கேக்கறது இல்ல!”

முன்வரிசை கைதட்டியது. அதைப் பார்த்துப் பின்வரிசையும் கைதட்டியது.

விருதை யார் வழங்குவது? அதற்கும் விதி இருந்தது. நன்றிக் கடனாகப் பயனாளிதான் வழங்க வேண்டும். யாரோ தோளைத் தொட்டு எழுப்ப, வீட்டம்மா மேடைக்கு வந்தார். கையில் கனமான கேடயத்தைக் கொடுத்தார்கள். அந்த அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது; எதற்கு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளவும் வழியில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். தன் காதைக் காத்த செம்மலுக்குத் தன் கையாலேயே கேடயத்தை நீட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து அவரும் கைதட்டினார்.

அந்தக் கைதட்டல் மூடிக்காரரைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. மைக்கை இழுத்தார்.

“இது எனக்கு வேணாம். இவ காது போனதே என்னாலதான். தெரிஞ்சே பண்ணேன். நான் ஒரு அயோக்கியன்” என்றார்.

சொல்லிவிட்டார்! வெளிப்படையாக, மேடையேறி, முந்நூறு பேர் முன்னால். பின்வரிசைகளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. முன்வரிசை கேட்கும் வழக்கமே இல்லாத வரிசை. “என்ன அடக்கம், என்ன அடக்கம்!” என்று தலைவர் தழுவிக்கொண்டார். கைதட்டல் அடங்க ஒரு நிமிஷம் ஆயிற்று.

“என்ன சொன்னீங்க? எல்லாரும் இப்படித் தட்டுறாங்க” என்று கீழே இறங்கியதும் கேட்டார் வீட்டம்மா.

மூடிக்காரர் அந்த முகத்தைப் பார்த்தார். மேடையில் வந்த தைரியம் எங்கே போனதோ தெரியவில்லை. “நன்றி சொன்னேன்” என்றார்.

கேடயத்தைக் கூடத்தில் எங்கே வைத்தாலும் கண்ணில் பட்டது. திருப்பி வைத்தார். துடைக்க வந்த வீட்டம்மா நேராக்கி வைத்தார். சோறு இறங்கவில்லை. இந்த அழகில், கருவி சீக்கிரம் வர வேண்டும் என்றும் இருந்தது, வரவே கூடாது என்றும் இருந்தது. இத்தனை நாள் பேசாததற்கு அந்த அம்மாவின் காதுதான் சாக்கு. அதுவும் போய்விட்டால் என்ன செய்வது? இப்படி ஒரு நினைப்பு வந்ததற்காக இன்னொரு பங்கு வெட்கம்.

ஆனால் வந்துவிட்டது. இடது காதுக் கருவி முதல் மாடியிலிருந்து ஒரு பெட்டியில், வலது காதுக் கருவி பதினொரு நாள் கழித்து மூன்றாம் மாடியிலிருந்து இன்னொரு பெட்டியில். இரண்டும் வந்த பிறகுதான் மாட்டுவேன் என்று பிடிவாதமாகக் காத்திருந்த பரிசோதகர், அன்று இருவரையும் உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினார்.

அவரைக்கொட்டை அளவு இரண்டு கருவிகள். காதுக்குப் பின்னால் பொருத்தி, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். வீட்டம்மா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“அது என்ன சத்தம்?”

“பேன்மா. ஓடிக்கிட்டிருக்கு.”

“இது?”

“நான் தாளைத் திருப்பறேன்.”

“என் குரலா இது? தகரத்தைத் தட்டற மாதிரி இருக்கு!” வீட்டம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது.

“கொஞ்ச நாள் அப்படித்தான் இருக்கும். பழகிடும். முதல்ல வீட்டுக்குள்ள மட்டும் போடுங்க, அப்புறம் வெளிய. விட்டுட்டு இருக்கக் கூடாது, தினமும் போடணும்.” பரிசோதகர் மூடிக்காரர் பக்கம் திரும்பினார். “சார், நீங்க அம்மாவுக்குப் பின்னால போய் உக்காருங்க. உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கக் கூடாது. சாதாரணமா வீட்டுல பேசற குரல்ல ஏதாவது பேசுங்க. எதைப் பேசறதுன்னு தெரியலைன்னா வாரியம் கொடுத்த அட்டை இருக்கு, படிங்க.”

அட்டையில் பத்து வாக்கியங்கள் இருந்தன. மூடிக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எதிரே வீட்டம்மாவின் முதுகு, நரைத்த கொண்டை, இரண்டு காது.

“இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு!” என்று கத்தினார்.

வீட்டம்மா தூக்கிவாரிப்போட்டுக் காதைப் பொத்தினார். “ஐயோ, ஏன் கத்துறீங்க?”

சாதாரணக் குரல் எது என்று அவருக்கு மறந்தே போயிருந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இறக்கி, இன்னும் இறக்கி, “இன்னைக்கு வெயில் நல்லா இருக்கு” என்றார்.

“வெயில் கிடக்கட்டும்” என்றார் வீட்டம்மா, திரும்பாமலே. “அன்னைக்கு மேடையில என்ன சொன்னீங்க? நன்றி சொல்ற மூஞ்சியா அது? என்னமோ இருக்கு. எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு இருக்கு.”

அட்டையில் இன்னும் ஒன்பது வாக்கியங்கள் மீதி இருந்தன. அவற்றைப் படித்தே அன்றைய பொழுதை ஓட்டிவிடலாம். மூடிக்காரர் பரிசோதகரைப் பார்த்தார். அந்தப் பெண் எழுந்து போகவும் இல்லை, உதவிக்கு வரவும் இல்லை. அட்டையை மேஜைமேல் வைத்தார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு நாள், ஆயிரத்து எழுநூறு மூடி கோணலாப் போச்சே, ஞாபகம் இருக்கா? அச்சு மழுங்கி, சத்தம் மாறி அரைமணி நேரம் ஓடுச்சு. எனக்கே கேட்டுச்சு. நீ கையைத் தூக்கல.”

கொண்டை அசையவில்லை.

“எல்லார் முன்னாடியும் உன்னைத் திட்டினேன். ‘கவனம் இல்ல, வர வர மந்தமாயிட்டே நீ’ன்னு சொன்னேன். நீ அழுதுக்கிட்டே மன்னிப்புக் கேட்டே. மறுநாள்லேருந்து ‘எனக்குப் புத்தி மழுங்கிப்போச்சு’ன்னு நீயே எல்லார்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சே.” “உனக்குக் கேக்கலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுதான் திட்டினேன். காது போச்சுன்னு ஒத்துக்கிட்டா, யாராலன்னு கேள்வி வருமே. அதுக்கப்புறமும் ஒன்பது வருஷம் அதே மேஜையிலதான் உன்னை உக்கார வச்சேன். இடத்தை மாத்தினா நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு பயம்.”

பேன் ஓடியது. வீட்டம்மாவின் வலது கை மெல்ல உயர்ந்து காதுக்குப் போனது. கழற்றப் போகிறார் என்று மூடிக்காரர் நினைத்தார். கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாலும் நியாயம்தான் என்று நினைத்தார். பேச்சை நிறுத்திவிட்டார்.

வீட்டம்மா கருவியை விரலால் அழுத்தி, சரியாகப் பொருத்திக்கொண்டார்.

“கேக்குது” என்றார். “மேல சொல்லுங்க.”